நிஜார் ரொட்டி

அப்பாவின் நகக்கண்களில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை லூர்துராஜ் ஈரத்துணியால் எடுத்துக்கொண்டிருந்தான். வலது கை முடிந்துவிட்டது. இடது கையில்தான் சிக்கல். கள்ளு விட்டுப் பிசைந்த மைதா காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். துணியை வெந்நீரில் நனைத்து, கட்டைவிரலைச் சுற்றிப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மாவு ஊறட்டும் என்று காத்திருந்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?" என்றார் சவரிமுத்து சித்தப்பா, வாசற்படியில் நின்றபடி. "வெறைச்சிக்கும். கையக் கட்டி ஜெபமாலை சுத்தணும்."

"இதோ, சித்தப்பா."

"மாவுதான? அழுக்கா இன்னா. வுடு."

லூர்துராஜ் விடவில்லை. சித்தப்பா துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக.

கட்டிலின் தலைமாட்டில் அம்மா அன்னபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாளா, இன்னும் அழத் தொடங்கவில்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மகன் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள், நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஜெபதாஸ் சமையலறைக்குள் நுழைவார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவர் கையால்தான். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வராவிட்டால்கூட அவர் ஒன்றும் கேட்கமாட்டார். இதற்கு வரவில்லையென்றால் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அம்பத்தூரில் டர்னராக இருந்த லூர்துராஜ், ஷிப்டை மாற்றிக்கொண்டு மனைவி செல்வமேரியோடு முதல் நாளே வந்துவிட்டான்.

விடிவதற்கு முன்னால் எழுந்து அப்பா மாவு பிசைந்தார். ஈரத்துணி போட்டு மூடி, குண்டானை அடுப்படி மூலையில் கதகதப்பாக வைத்தார். பிறகு கொல்லையில் முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு, கீரை ஆய்வதற்கு உட்கார்ந்தார்.

"ராஜு, கறிக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி அடுப்புல சாம்பல வாரிடு."

அவர் கட்டிய அடுப்பு அது. கொல்லையின் கோடியில், செங்கல் வைத்து, குடை கவிழ்த்த மாதிரி கூண்டு வளைத்து, ஒரு ஆள் தலையும் தோளும் நுழைகிற அளவுக்கு வாய் விட்டிருந்தார். லூர்துராஜ் உள்ளே தலையை விட்டுச் சாம்பலை வாரியபடியே தொழிற்சாலையில் புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "ம்" என்றார் அப்பா. அந்த ஆள் ஓவர்டைம் பணம் தராமல் இழுத்தடிப்பதைச் சொன்னான். "ம்" என்றார். யூனியனில் பேசலாமென்று இருப்பதைச் சொன்னான். பதில் இல்லை. யூனியன் என்றால் அப்பாவுக்குப் பிடிக்காது, அதனால்தான் என்று நினைத்து, அதற்கான நியாயங்களையெல்லாம் அடுப்புக்குள்ளிருந்தே எடுத்துச் சொன்னான். தலையை வெளியே எடுத்தபோது ஜெபதாஸ் சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் பாதி ஆய்ந்த கீரை. ஒரு காம்பு விரல்களுக்கு நடுவில் இருந்தது.

கட்டைவிரலில் மாவு இளகிவிட்டது. துடைத்தான். அம்மா கையை நீட்டி அப்பாவின் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"போதும்," என்றாள்.

*

அந்த அடுப்பை அப்பா கட்டியபோது லூர்துராஜுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் கட்டியது நினைவிருக்கிறது. கட்டியதைவிட, பக்கத்துத் தெரு பாப்பம்மாள் வந்ததுதான் நன்றாக நினைவிருக்கிறது. வளைந்த கூண்டைப் பார்த்துவிட்டு, மாதாவுக்குக் குகை மாதிரிக் கெபி கட்டியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். சுரூபம் பிறகு வரும்போலிருக்கிறது என்று, அடுப்பின் வாயில் மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் நின்று ஜெபமாலை ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தாள். ஜெபதாஸ் கையில் சவுக்குக் கட்டையோடு பின்னால் நின்றுகொண்டே இருந்தார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துபோன பிறகுதான் நெருப்பு மூட்டினார்.

அவர் இத்தாலி பார்த்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற பட்டாளத்தில் இருந்தார். திரும்பி வந்து பொதுப்பணித்துறையில் மேஸ்திரியாகி, ஒரகடம் ரோட்டில் இருக்கிற சின்னப் பாலங்களில் பாதியைக் கட்டினார். பட்டாளத்துக் கதை எதுவும் சொல்லமாட்டார். அந்த ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தின்பண்டம் மட்டும்தான்.

"இதுக்கு இன்னாப்பா பேரு?" என்று தங்கை கிளாரா சின்ன வயதில் கேட்டாள்.

"கல்சோனேன்னு சொல்வாங்க."

"அப்டின்னா?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். "நிஜார்."

பிள்ளைகள் மூன்றும் தரையில் உருண்டு சிரித்தன. அன்றிலிருந்து அது நிஜார் ரொட்டி ஆகிவிட்டது.

பார்க்கப் பெரிய சோமாஸ் மாதிரி இருக்கும். உள்ளே கொத்துக்கறி, வெங்காயம், பூண்டு, தக்காளி. அந்த ஊரில் ஏதோ கசப்புக் கீரை போடுவார்களாம். இவர் முருங்கைக்கீரை போட்டார். அங்கே பாலாடைக் கட்டி உண்டு. இவர் எலுமிச்சம்பழம் பிழிந்து பாலைத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புப் போட்டுப் பிசைந்தார். மாவு பொங்குவதற்குக் கள்ளு. மதுவிலக்கு இருந்த வருஷங்களில் அதுதான் பெரும்பாடு. பால்காரி கோவிந்தம்மாவின் புருஷன் தென்னந்தோப்பில் மறைவாக இறக்குவதில் ஒரு சொம்பு வாங்கி வருவார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர், அன்றைக்கு மட்டும் திருடன் மாதிரி சந்துக்குள் புகுந்து வருவார். ஒருமுறை சைக்கிளில் வந்த போலீஸ்காரன் மடக்கினான்.

"இன்னா மேஸ்திரி, சொம்புல?"

"ரொட்டி சுட."

"பாலா?"

"பால் மாரிதான்."

அவன் சொம்பை வாங்கி ஒரு மடக்கு குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டான். "நல்ல பால்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். அந்த வருஷம் ரொட்டி கொஞ்சம் தட்டையாகத்தான் வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா சத்தமாகச் சிரிப்பார்.

*

பத்தரை மணி பஸ்ஸில் தம்பி வந்து இறங்கினான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ சொல்லிவிட்டார்களாம். கண்டக்டர் காக்கிச் சட்டையோடு, தோளில் தோல்பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவன் தலையில் கையை வைத்தாள்.

"சின்னவனே," என்றாள். "பைய எறக்கி வையி."

அவன் பெயர் பெரியநாயகம். அம்மா ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அவளுடைய முதல் புருஷனின் பெயர்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். லூர்துராஜ் ஜெபதாஸுக்குப் பிறந்தவன் இல்லை. அவனைப் பெற்ற பெரியநாயகமும் ஜெபதாஸும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். ஜெபதாஸ் திரும்பி வந்தார். பெரியநாயகம் இத்தாலியிலேயே, ஏதோ ஒரு ஆற்றங்கரையில், கண்ணிவெடியில் போய்விட்டார். யுத்தம் முடிந்து வந்த மறுவருஷம் ஜெபதாஸ் சின்னப் பிள்ளையோடு நின்ற அன்னபுஷ்பத்துக்குக் கோயிலில் தாலி கட்டினார். தனக்கென்று பிறந்த முதல் மகனுக்கு நண்பனின் பெயரை வைத்தார். இதையெல்லாம் வீட்டில் யாரும் லூர்துராஜை உட்காரவைத்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொன்னார்கள்.

செல்வமேரி வந்தவர்களுக்கு வரக்காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டி செய்ய ஆள் போயிருந்தது. லூர்துராஜ் பெட்டிக்குள் விரிக்க வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"குருசு புடிச்சிக்கினு முன்னால நீ நட. மொத மண்ணும் நீதான் போடணும்."

"அண்ணன் கீறாருல்ல, சித்தப்பா."

"கீறான். நான் இல்லன்னா சொல்றேன்? நல்ல புள்ளதான். என் மடியிலதான் வளந்தான். ஆனா எங்கண்ணன் ரத்தம்னா அது நீதான். நாளைக்கு ஊர்ல ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாரு."

லூர்துராஜ் துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான். சித்தப்பா மேல் கோபம் வரவில்லை. சின்ன வயதில் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு மணிமங்கலம் சந்தைக்குக் கூட்டிப்போனவர் அவர். கோபம் வந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

நிமிர்ந்தபோது அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கிளாராவ யாரு போயி கூட்டினு வர்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் போறேம்மா."

கிளாரா தாம்பரத்திலிருந்து வரவேண்டும். அவளுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சாப்பாட்டுக்கென்று அவள் எப்படியும் வந்துகொண்டிருப்பாள். லூர்துராஜ் புளியமரத்து ஸ்டாப்பில் போய் நின்றான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பஸ் வந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் பை நிறையத் தக்காளியுமாக அவள் இறங்கினாள். ரோட்டிலிருந்தே வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது.

"இன்னாண்ணா, இந்த வருஷம் தெருவையே கூப்ட்டாரா அப்பா?" என்று சிரித்தாள்.

அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அங்கே வெட்டிப் போட்டிருந்த தென்னங்கீற்றைப் பார்த்தாள். சிரிப்பு உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"மாவு பிசைஞ்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"பிசைஞ்சிட்டாரு."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நடுரோட்டில், தக்காளிப் பையைக் கீழே வைக்காமல், நின்ற இடத்திலேயே.

*

கல்லறைத் திருநாளில் செத்தவருக்கு ஒரு வசதி, ஊரைக் கூப்பிட வேண்டியதில்லை. சாயங்காலம் கல்லறைகளை மந்திரிக்கச் சாமியார் எப்படியும் வருவார். எல்லாரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, துலுக்கச் சாமந்தி போட்டு, மெழுகுவத்தியோடு காத்திருப்பார்கள். மழை விட்டிருந்தது. ஈரமண்ணும் பூவும் மெழுகும் கலந்து வாசம் வந்தது. ஜெபதாஸைத் தூக்கிக்கொண்டு போனபோது கல்லறைத் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சமாக இருந்தது. ஒவ்வொரு கல்லறையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

குருசைப் பிடித்துக்கொண்டு பெரியநாயகம் முன்னால் நடந்தான். சித்தப்பாதான் அவன் கையில் கொடுத்தார். லூர்துராஜ் பெட்டியின் முன்பக்க இடதுமூலையைத் தோளில் வாங்கியிருந்தான். அப்பா கனக்கவில்லை. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில், வேறு ஊர்களில் புதைக்கப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். வருஷா வருஷம் அப்பா அங்கே ஒன்றை நடுவார். அம்மா பக்கத்தில் நிற்பாள். அவர்களோடு அவனும் நிற்பான். யாருக்கென்று ஒரு வார்த்தை யாரும் பேசமாட்டார்கள். இன்றைக்கும் அம்மா முதலில் அங்கேதான் போனாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வத்தியை எடுத்து, பக்கத்தில் எரிந்ததில் பற்றவைத்து நட்டாள். காற்றில் அணையாதபடி இரண்டு கற்களை அண்டக்கொடுத்தாள். பிறகு வந்து குழியின் ஓரத்தில் நின்றாள்.

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். குழியின் அடியில் கொஞ்சம் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. பெட்டி அதில் தொட்ட சத்தம் கேட்டது.

"பெரியநாயகம், வாடா," என்றார் சவரிமுத்து சித்தப்பா.

லூர்துராஜ் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டான். தம்பி முன்னால் வந்தான். குனிந்து ஈரமண்ணில் ஒரு பிடி எடுத்தான். எடுத்தவன் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் பார்த்தபடி நின்றான். மண் அவன் விரலிடுக்கில் பிதுங்கியது.

"போடுடா."

பெரியநாயகம் திரும்பினான்.

"ண்ணா, நீ போடு," என்றான். "எனக்கு பயமா கீது."

முப்பது வயது ஆள். ராத்திரி பஸ்ஸில் குடிகாரர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிடுகிறவன். கையில் இருந்த மண்ணை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தன் கையாலேயே மூடினான். சித்தப்பா வாயைத் திறந்தார். குழியைப் பார்த்தார், அன்னபுஷ்பத்தைப் பார்த்தார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லூர்துராஜ் மண்ணைப் போட்டான்.

தம்பிக்கு நிஜமாகவே பயமாக இருந்ததா என்று அவன் பிற்பாடும் கேட்டதில்லை.

*

வீடு திரும்பிக் குளித்துவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா தன் வீட்டிலிருந்து ஒரு அடுக்கு நிறையக் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேஸ்திரி இருட்டோடவே வந்து சொம்பு வாங்கினு போனாரே," என்று சொல்லி அழுதாள். யாரும் கஞ்சியைத் தொடவில்லை.

அம்மா அடுப்படிக்குள் போனாள்.

"ராஜு," என்று கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தான். குண்டானுக்கு மேல் துணி உப்பிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மாவு துணியைத் தள்ளிக்கொண்டு விளிம்பில் வழிந்திருந்தது. புளித்த வாசம் அடித்தது. காலையிலிருந்து இத்தனை பேர் வந்து போயும், யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கோழிக்குப் போட்டுடலாமாம்மா?"

அவள் துணியை எடுத்தாள். முஷ்டியை மடக்கி மாவின் நடுவில் அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறி மாவு உள்ளே அமுங்கியது. அந்த மாவில் அவள் கை பட்டு லூர்துராஜ் பார்த்ததில்லை. கீரை வதக்குவாள், கறி தாளிப்பாள், பால் திரிப்பாள். மாவு மட்டும் அப்பாவுடையது.

"போயி அடுப்பு மூட்டு," என்றாள்.

வாசலில் நின்ற சித்தப்பாவுக்கு இது கேட்டுவிட்டது. "அண்ணி, இன்னா இது? சாவு வூட்ல அடுப்பு மூட்றதா? மூணு நாளாச்சும் போவட்டும்."

"எல்லாருக்கும்னுதான் பிசைஞ்சி வெச்சாரு," என்றாள் அம்மா. "எல்லாரும் வந்துட்டீங்க."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சித்தப்பா கொல்லைப்பக்கம் போய், சுவரோரம் சாத்தியிருந்த கோடாலியை எடுத்து, சவுக்குக் கட்டை பிளக்கத் தொடங்கினார்.

லூர்துராஜ் கட்டையை அடுக்கித் தீ வைத்தான். காலையில் அவன் வாரிய சாம்பல் அடுப்போரம் நனைந்து கிடந்தது. நெருப்பு பிடித்துக் கூண்டின் உட்புறம் முதலில் கறுக்கும். பிறகு அந்தக் கறுப்பு எரிந்து வெளுக்கும். வெளுத்த பிறகுதான் தணலை வாரி ஒதுக்கவேண்டும். அதுவரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார்கள், அப்பாவும் அவனும். அவனுக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது, இதே இடத்தில்தான் ஒருநாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பல்லை உடைத்துவிட்டு வந்திருந்தான் அவன். எதற்கென்று வீட்டில் சொல்லவில்லை. அப்பா நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு உங்கப்பன் நாலு துன்னான்," என்றார். "நான் ரெண்டுதான்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து தணலை வாரினார். எந்த அப்பன் என்று லூர்துராஜ் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் அந்த ஒரே வரியை வைத்துக்கொண்டுதான், முகம் தெரியாத ஒரு ஆளை அவன் தனக்குள் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஊதி ஊதித் தின்கிற ஆள். பசிக்காரன்.

கறி வாங்கியிருக்கவில்லை. கிளாராவின் தக்காளி இருந்தது. அப்பா ஆய்ந்து வைத்த கீரையோடு மிச்சத்தையும் செல்வமேரி ஆய்ந்துவிட்டாள். முந்தின நாள் திரித்துக் கட்டித் தொங்கவிட்ட பால் இருந்தது. அம்மா பலகையில் மாவை உருட்டித் தட்டினாள். நடுவில் மசாலை வைத்து மடித்து, ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக, சோமாஸுக்கு மடிப்பது போல மடித்துக்கொண்டு போனாள். அப்பா அப்படிச் செய்யமாட்டார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடுவார், சிமெண்ட் பூசுகிற மாதிரி. லூர்துராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினான்.

"மொத மொத எதுக்கு செஞ்சாரு தெரியுமா?" என்றாள் அம்மா. மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதும்மா."

"நாப்பத்தாறுல வந்தாரு. வாசல்ல வந்து நின்னாரு, பட்டாளத்து பூட்சோட. நீ ஓடிப்போயி அந்த பூட்சப் புடிச்சிக்கினு உக்காந்துக்கின. உள்ள வான்னேன். வரல. ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டு போயிர்றேன்னாரு."

இன்னொரு உருண்டையை எடுத்தாள்.

"குண்டு, சண்ட, அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. சாவறதுக்கு மொத நாள் ராத்திரி ஒரு கெழவி வூட்ல சோறு போட்டாங்களாம். மறுநாள் அவங்களுக்கும் கல்லறைத் திருநாளாம். உன்னப் பெத்தவரு வயிறு நெறைய துன்னாராம். துன்னுட்டு ரொட்டிக்கு நிஜார்னா பேருன்னு கெழவிய கேலி பண்ணாராம். அவ துடைப்பத்த எடுத்துக்கினு தொரத்தினாளாம். சிரிச்சிக்கினே தூங்குனாரு, அத்த சொல்லத்தான் வந்தேன்னாரு."

லூர்துராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நம்பல. செத்தவங்க வூட்ல வேற இன்னா சொல்லுவாங்க? பட்டினி கெடந்து செத்தான்னா சொல்லுவாங்க? பொய் சொல்லாதன்னு சொல்லிட்டேன். மூஞ்சிக்கு நேரா." அவள் விரல்கள் மடித்துக்கொண்டே இருந்தன. "மறுநா காலைல செங்கல் ஏத்திக்கினு வந்துட்டாரு. இந்த வூட்ல இல்ல, அப்ப நான் இருந்த எங்க மாமியார் வூட்டுக் கொல்லையில. ஒண்ணும் பேசல. அடுப்பு கட்டினாரு. மைதா எங்கியோ அலைஞ்சி வாங்கினு வந்தாரு. செஞ்சி, சுட்டு, என் கையில குடுத்து, துன்னு பாருன்னாரு. இதத்தான் துன்னான். பாரு, இது எப்டி கீது, இத்த துன்னவன் வயிறு நெறையாம இருக்குமான்னாரு."

"நம்புனியாம்மா?"

"கருகிப் போயி கல்லாட்டம் இருந்துச்சி," என்றாள். ஓரத்தை மடித்து முடித்துவிட்டு, "நம்புனேன்," என்றாள்.

அடுப்பு வெளுத்துவிட்டிருந்தது. பெரியநாயகம் தணலை வாரி ஒதுக்கினான். ஈரச் சாக்கால் அடுப்பின் தரையைத் துடைத்தார்கள். பலகையில் வைத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, தகரத்தால் வாயை மூடினார்கள். சித்தப்பா தகரம் விழாமல் கட்டையால் முட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாசம் கிளம்பியது. திரிந்த பாலும் பூண்டும் வேகிற மாவும் சேர்ந்த வாசம். கிளாராவின் குழந்தை எழுந்து உட்கார்ந்து கொண்டது. செல்வமேரி அழுகை வந்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எப்போதும் கடைசியில் சாப்பிடுகிற அம்மாவை, கிளாரா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒவ்வொருவர் தட்டிலும் ஒன்று. மேலே அங்கங்கே கறுத்து, வயிறு உப்பி, அம்மா மடித்த ஓரம் முறுகலாக நின்றது. புளிப்பு கொஞ்சம் தூக்கல். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். பிட்டு ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா ஒரு வாய் மென்றாள். இன்னொரு வாய் மென்றாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

லூர்துராஜ் எழுந்து அடுப்படிக்குப் போனான். விளக்கு இல்லை. உப்புச் சாடி எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. மூடியைத் திறந்து கையை விட்டான். மழைக்காலத்து உப்பு, கசிந்து கட்டியாக இருந்தது.

"ண்ணா, உப்பு கெடைக்கலியா?" என்று கூடத்திலிருந்து கிளாரா கேட்டாள்.

"கெடச்சிது," என்றான்.

சொல்லிவிட்டு, சாடிக்குள் விட்ட கையை எடுக்காமல், இருட்டில் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.